அண்ணன் சரி பார்த்தது

உங்கள் மேசைக்கு ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. அட்டையை மடித்து வைக்காதீர்கள், நாளடைவில் அமுங்கிவிடும். ஒரு தகரத் துண்டு போதும். பட்டறையில் இருந்திருந்தால் நானே வெட்டிக் கொடுத்திருப்பேன்.

தராசுப் பட்டறை எங்களுடையது. இந்த ஊர்ச் சந்தையில் உள்ள பாதித் தராசுகள் எங்கள் கைபட்டவை. அப்பா காலத்திலிருந்தே, இரண்டு வியாபாரிகள் எடையில் சண்டை போட்டால் கடைசியில் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். நான் பார்த்துச் சொன்னால் சண்டை முடிந்தது. மேல்முறையீடு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, விவரத்துக்குச் சொல்கிறேன்.

என் தம்பி ரயிலில் அடிபட்டு இறந்த வழக்கை நீங்கள் முடித்துவிட்டீர்கள். முடிவில் ‘மனநிலை பிறழ்ந்தவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படி ஒரு நோய் இருந்ததில்லை. அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். நாளைக்கு அவளைப் பெண் கேட்டு வருகிறவன் காதில் இது விழாமல் இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. நீங்கள் தப்பாக எழுதியதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை.

என் தம்பி எனக்கு மகன் வயது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடப் பையன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைத் தியாகம் என்று நான் சொன்னதில்லை, மற்றவர்கள்தான் சொன்னார்கள். அவனுக்கு முதல் கிட்டார் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ஒரு பிள்ளை சாயங்காலத்தில் கெட்ட சகவாசம் தேடுவதைவிடக் கம்பியைத் தட்டிக்கொண்டு வீட்டில் இருப்பது நல்லதென்று நினைத்தேன். கூடவே ஓர் இசைக்கவையும் வாங்கித் தந்தேன். இரண்டு விரல்போலப் பிரிந்த எஃகுத் துண்டு. முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தால் ஒரே ஒரு சுரம் பாடும். கிட்டார் கம்பியை அதற்குத் தக்கபடி முறுக்க வேண்டும். எங்கள் எடைக்கற்களைப் போலத்தான் அதுவும். அது சரியாக இருந்தால் எல்லாம் சரி.

வளர்ந்தான். பட்டறைக்கு வந்தான். கல்யாணம் ஆனது. பெயர்ப்பலகையில் ‘சகோதரர்கள்’ என்று சேர்த்து எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தையற்கடை மாடிக்குப் போய்விடுவான். அங்கே அவனைப்போல நாலைந்து பேர். தையற்காரர், பஸ் கண்டக்டர், பல் டாக்டரின் கம்பவுண்டர். யாரும் வித்வான் இல்லை. வாசிக்கும் நேரத்தைவிட எந்தக் கிட்டார்காரர் பெரியவர் என்று அடித்துக்கொள்ளும் நேரம்தான் அதிகம். பெரிய கிட்டார்காரர்களுக்கெல்லாம் அவர்களே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஒருமுறை அவனைக் கூப்பிடப் படியேறிப் போனேன்.

“உங்க தாடிக்காரர் வாசிக்கிறது வாசிப்பா? ஸ்டாப்புல நிக்காமப் போற பஸ்ஸு. ஏறவும் முடியல, எறங்கவும் முடியல” என்றார் தையற்காரர்.

“உங்க ஊமையர் மட்டும் என்னவாம்?” என்றார் கண்டக்டர். “ஒரு தட்டு தட்டிட்டு, டீ குடிச்சிட்டு வந்து அடுத்த தட்டு தட்டுறாரு. நீங்க சட்டைக்குக் காஜா எடுக்கிற வேகம்கூட இல்லையே.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்கண்ணே” என்றான் என் தம்பி. “இடக்கையரோட இசைத்தட்டைப் போட்டப்ப ரெண்டு பேரும் வாயே தொறக்கல. ஏன்னு யோசிச்சுப் பாருங்க.”

இடக்கையர் என்பவர் அவன் கும்பிட்ட கிட்டார்காரர். இடது கையால் மீட்டுகிறவர், பெரிய பெரிய ஓட்டல்களில் வாசிக்கிறவர். அவர் எப்படி உட்காருவாரோ அப்படித்தான் இவனும் உட்காருவான். சுருதி பார்க்கும் கருவி காதைச் சோம்பேறி ஆக்கும், கவை ஒன்றே போதும் என்று அவர் எங்கேயோ சொல்லியிருக்கிறார். அதனால் மற்றவர்கள் ஃபோனை வைத்துச் சுருதி சேர்த்தாலும் இவன் மட்டும் நான் வாங்கித் தந்த கவையைத்தான் தட்டுவான். அன்று அவர் பெயரைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பட்டறையில் நான் எத்தனையோ நுணுக்கங்களைச் செய்து காட்டியிருக்கிறேன். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான். இடக்கையர் ஊருக்கு வருகிறாராம். கூட வாசிக்க இன்னொரு ஆள் தேடுகிறாராம். கம்பவுண்டர் இவன் வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். நேரில் கேட்க வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறாராம். தேறினால் ஊர் ஊராகப் போக வேண்டும்.

“ஓட்டல்ல வாசிக்கவா?” என்றேன்.

“ஆமாண்ணே.”

“சாப்பிடுறவங்க முன்னாடி நின்னுகிட்டா?”

“உக்காந்துதாண்ணே வாசிப்பாங்க” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “கோபப்படாதீங்க. அவர் வாசிச்சதக் கேட்ட பிறகுதாண்ணே நான் எதுக்குப் பொறந்தேன்னே எனக்குத் தெரிஞ்சுது.”

எங்கள் குடும்பத்தில், அடுத்தவன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் யாரும் இல்லை. சந்தையில் எனக்கு எழுந்து நிற்கிறவர்கள் நாளைக்கு என்ன சொல்வார்கள்? ‘தராசுக்காரர் தம்பிதானே, அந்த ஓட்டலில் பார்த்தேன், நன்றாக வாசித்தான், மீன் மட்டும் வேகவில்லை’ என்பார்கள். அதை நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

போகாதே என்று சொல்லியிருக்கலாம். என் சொல்லைத் தட்டமாட்டான். ஆனால் ஆயுள் முழுக்க என்மேல் ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். கிட்டாரை உடைப்பது காட்டுமிராண்டித்தனம். நான் கை ஓங்கி வளர்த்தவன் இல்லை. அவனாகவே ‘இது எனக்கு வராது’ என்று எழுந்து வந்தால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. அதுதான் எல்லாருக்கும் நல்லதென்று பட்டது.

எஃகை என்ன செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கவையின் இரு விரலும் சேரும் அடிப்பள்ளத்தில் மெல்லிய அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் சுரம் மயிரிழை இறங்கும். பிறகு எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அவன் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது கவை அவன் வேலைச் சட்டைப் பையில் பட்டறையிலேயே தொங்கும். ஒரே நாளில் செய்யவில்லை. ஒரே நாளில் இறக்கினால் யாருக்கும் தெரியும். இன்றைக்கு ஓர் இழுப்பு, அப்புறம் சில நாள் கழித்து ஒன்று. பொறுமையான வேலை எங்களுக்குப் பழக்கம்தான்.

முதலில் அவன் தட்டு சுழலும் பெட்டியைச் சந்தேகப்பட்டான். இடக்கையரின் இசைத்தட்டோடு சேர்ந்து வாசிப்பது அவன் வழக்கம். இப்போது சேரவில்லை. பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்தான். சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். மாடியில் கம்பவுண்டர் தன் ஃபோனைக் காட்டி, “உன்னோடது எறங்கியிருக்குப்பா, ஃபோர்க்கையே தட்டிக் காட்டினேன், அதுவே கொறைவாத்தான் காட்டுது” என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் கவையை என்னிடம் கொண்டுவந்தான்.

“அண்ணே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.”

“இருக்கட்டும், பார்க்கறேன்” என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் திருப்பிக் கொடுத்தேன்.

“பார்த்தாச்சு. இம்மி பிசகில்ல.”

இந்த விஷயத்தில் நான் வாய் திறந்து சொன்ன பொய் அது ஒன்றுதான்.

வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கடைக்குப் போய் இன்னொரு கவை வாங்கித் தட்டிப் பார்த்திருப்பான். அவனுக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் ஒருமுறை சரி பார்த்த கல்லை யாரும் மறுபடி நிறுக்க மாட்டார்கள். நிறுத்தால் பார்த்தவனை அவமதித்ததாகும். அப்படித்தான் அப்பா என்னை வளர்த்தார், அப்படித்தான் நான் அவனை வளர்த்தேன். கம்பவுண்டரிடம் போய், “ஃபோன் தப்புண்ணே, எங்க அண்ணன் சரி பார்த்தது” என்று சொல்லியிருக்கிறான். அவர் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார். பிறகு இவனே தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறான். இசைத்தட்டும் பொய் சொல்லாது, அண்ணனும் பொய் சொல்ல மாட்டார். பாக்கி இருப்பது எது? அவன் காது.

இடக்கையர் வந்த அன்று நான் போகவில்லை. கம்பவுண்டர் வந்து சொன்னார். ஓட்டல் கூடத்தில் தையற்கடை மாடி நண்பர்கள் எல்லாரும், ஓட்டல்காரர்களும், சில பெரிய மனிதர்களும் இருந்தார்களாம். அவர் ஒரு வரி வாசித்துவிட்டு, பதில் வாசி என்று கையைக் காட்டியிருக்கிறார். இவன் வாசித்தான். ஒட்டவில்லை. சுருதியை ஏற்று என்றார். இவன் மறுபடி கவையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் இருக்குங்க. எங்க அண்ணன் சரி பார்த்தது” என்றானாம்.

“அப்ப உன் காதையும் அவர்கிட்டயே குடுத்துச் சரி பாத்துக்கோ தம்பி” என்றார் அவர்.

கூடம் சிரித்திருக்கிறது. கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டாராம், பிறகு அழுதாராம். அவர் அழுதது எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

நான் நினைத்தபடியே நடந்தது. கிட்டார் பரண்மேல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமையிலும் பட்டறைக்கு வந்தான். குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தான். சந்தையில் ஒருவர், “தம்பி பொறுப்பாயிட்டாரே” என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

இதன் பிறகு நடந்ததுதான் உங்கள் தாளில் தப்பாகப் பதிவாகியிருக்கிறது. நான் கூப்பிடாமலே, “கூப்பிட்டீங்களாண்ணே?” என்று எழுந்து வருவான். கூப்பிட்டால் வரமாட்டான், கேட்டதாம், ஆனால் நிஜமாகவே கேட்டதா என்று நிச்சயமில்லையாம். குக்கர் விசில் அடித்தால் பெண்டாட்டியிடம் கேட்டு உறுதி செய்துகொள்வான். கதவு தட்டினால் மகளைப் பார்ப்பான், அவள் எழுந்தால்தான் இவன் எழுவான். காது டாக்டரிடம் போனான். காதில் ஒரு கோளாறும் இல்லை என்று அவர் சொன்னார். மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. இவன் வீட்டுக்கு வந்து, “காது நல்லா இருக்காம்ணே. அப்ப உள்ள எங்கேயோ தப்பு” என்றான்.

தம்பி மனைவி என்னிடம் வந்து அழுதாள். “மாமா, உங்க பேச்சைத்தான் கேப்பாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. அந்தப் பாவி அத்தனை பேர் முன்னாடி சொன்னது இவர் மனசுல ஏறிப்போச்சு.”

சொல்லியிருக்கலாம். கவையை எடுத்துக் காட்டி, ‘தப்பு இதில், உன்னில் இல்லை’ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அண்ணன் பார்த்தது தப்பு என்று ஒருமுறை ஆகிவிட்டால் அப்புறம் எதற்கு மதிப்பு? அவன் ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருந்தான். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவளிடம், “தைரியமா இரும்மா, நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

உரக் கிடங்குக்கு ஒரு மேசைத் தராசு கொடுத்துவர அவனை அனுப்பியது நான்தான். தண்டவாளத்தைத் தாண்டிப் போகும் குறுக்கு வழியில் எல்லாரும் போவார்கள். ரயில் வளைவில் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஒலி எழுப்பியதாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற காய்கறிக்காரி உங்களிடம் என்ன சொன்னாள்? அவன் நின்றான், தலையைச் சாய்த்தான், பக்கத்தில் திரும்பி யாரையோ ஏதோ கேட்டான், பக்கத்தில் யாரும் இல்லை, பிறகு நடந்தான். இதை வைத்துத்தான் நீங்கள் பைத்தியம் என்று எழுதினீர்கள்.

பைத்தியம் இல்லை. ‘சத்தம் கேக்குதா?’ என்று கேட்டிருப்பான். பதில் சொல்ல ஆள் இல்லை. தன் காதுக்குக் கேட்டதைத் தானே நம்பக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். மிகத் தெளிவான புத்தி அவனுக்கு. கிடைத்த தகவலை வைத்துச் சரியாகக் கணக்குப் போட்டான். தகவல் தப்பு. அதைத் தப்பாக்கியது நான்.

இதோ, கவை. இது அரம். பள்ளத்தில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் கீறல் தெரியும், யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துச் சோதியுங்கள். தம்பி மனைவி இடக்கையர்மேல் புகார் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு அவசியம் இல்லை. என் தம்பியைக் கொல்லும் அளவுக்கு அந்த மனிதர் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. கொன்றது நான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மனநிலை பற்றிய அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் இன்னும் அவனைப் பரிதாபத்துக்குரியவனாகவே நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அப்படி இல்லை. எல்லாருடைய ஃபோனும் ஒரு பக்கம், இசைத்தட்டு ஒரு பக்கம், அவன் சொந்தக் காதே ஒரு பக்கம். இந்தப் பக்கம் நான் ஒருவன், என் ஒரு சொல். அவன் கடைசிவரை என் பக்கம்தான் நின்றான். அந்த இடக்கையருக்காக அவன் இப்படி நின்றிருப்பானா, நீங்களே சொல்லுங்கள்.