நாற்பத்தேழாம் எண் வில்லை

கப்பலில் வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது நீச்சல் இல்லை. ஒரே கேள்விக்கு நூறு தடவை சிரித்த முகத்தோடு பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பென்குயின்களுக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள், இந்தப் பனிமலை போன வருஷமும் இங்கேதான் இருந்ததா, பணியாளர்கள் தூங்கக் கரைக்குப் போவார்களா என்றெல்லாம் கேட்பார்கள். பத்தொன்பது கோடைகளாக நான் முகம் சுளித்ததில்லை. என்னோடு வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், எயுசேபியோ பர்ரியாவுக்குக் கோபமே வராது என்றுதான் சொல்வார்கள். விசாரணை அதிகாரி அவர்களே, இதையும் நான் கோபத்தில் எழுதவில்லை. உங்கள் அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது, அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

எங்கள் கப்பலில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் ஒலிபெருக்கியில் பயணத் தலைவி ஃபியோனா, வெளியே உறைபனி, உள்ளே சூடான அப்பம் என்று கொஞ்சிக் கொஞ்சி எழுப்புவாள். மனிதன் காலடி படாத இயற்கையைப் பார்க்க வந்த தொண்ணூற்றாறு பேரும், மூன்று வகை முட்டை சாப்பிட்டுவிட்டு, சிவப்புக் கோட்டுகளை மாட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக் காலணி அறைக்கு வருவார்கள். அதுதான் என் ராஜ்யம். அங்கே வெளியூர்க் கிருமியோ விதையோ கரைக்குப் போய்விடாதபடி அவர்களுடைய காலணிகளை மருந்துத் தண்ணீரில் முக்கி, அடியில் ஒட்டிய புல் விதையைக்கூடக் குச்சியால் நோண்டி எடுத்து, ரப்பர் படகில் ஏற்றி அனுப்புவேன். கரையில் இரண்டு மணி நேரம். பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஐந்து மீட்டர் என்றால் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள், கேமராவுக்குக் கேமரா மாறும். திரும்பி வந்ததும் சூப், மதியச் சாப்பாடு, மறுபடி கரை, மறுபடி கேக். பனிக்கண்டத்தில் இளைத்துப் போனவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

படி இறங்கும் இடத்தில் என் பலகை தொங்கும். தொண்ணூற்றாறு கொக்கிகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய ஒரு சின்ன வட்ட வில்லை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. கரைக்குப் போகும்போது தன் வில்லையைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும், திரும்பி ஏறியதும் வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். பலகை முழுக்க வெள்ளையானால்தான் கப்பல் நங்கூரம் தூக்கும். ஒரே ஒரு சட்டம்தான்: அவரவர் வில்லையை அவரவர்தான் தொட வேண்டும். கணவனுக்காக மனைவி தொடக் கூடாது, நண்பனுக்காக நண்பன் தொடக் கூடாது, கேப்டனே வந்தாலும் தொடக் கூடாது. ஒவ்வொரு பயணத்தின் முதல் நாளும் இதை நான் நின்று சொல்வேன். ஒவ்வொரு மே மாதமும் சொந்த ஊரான புந்தா அரீனாசில் என் வீட்டுச் சமையலறையில் வைத்து அந்த எண்களுக்கு நானே வண்ணம் பூசுவேன். பத்தொன்பது வருஷத்தில் அது ஒரு ஆளைக்கூடத் தவற விட்டதில்லை.

திரு வில்லெம் ஹூக்ஸ்ட்ரா நாற்பத்தேழாம் எண். ஓய்வு பெற்ற ஹாலந்து பொறியாளர். மனைவி ட்ரூஸ் நாற்பத்தாறாம் எண். ஹூக்ஸ்ட்ரா நல்லவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எதைப் பார்த்தாலும் அதை இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்று நினைக்கிற நோய் மட்டும் அவருக்கு இருந்தது. சூப் கரண்டியின் கைப்பிடிக் கோணத்தைப் பற்றிச் சமையல்காரரிடமே பேசியிருக்கிறார். இரண்டாம் நாள் என் பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னப்பா எயுசேபியோ, இது லாட்ஜுல சாவி மாட்டுற பலகையா?"

"இல்ல சார், உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற பலகை."

"நான் மறந்துட்டா என்ன பண்ணும்?"

"நீங்க மறக்க மாட்டீங்க சார்."

இதை அவர் சவாலாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. மூன்றாம் நாள் ஒரு வயதான அம்மாவுக்கு நான் குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது, வில்லையைத் தொடாமலே நழுவிப் படகில் ஏறிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஃபியோனாவும் இருபது பேரும் நிற்கும்போது, பலகையில் விரலைத் தட்டிக் காட்டினார்.

"பாருங்க, நான் காலையிலிருந்து என் அறையிலயே படுத்துக் கிடக்கேன். பலகை சொல்லுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபியோனாவும் சிரித்தாள்.

"சார் சொல்றது சரிதான் எயுசேபியோ அண்ணே. அடுத்த சீசன் அட்டை தேய்க்கிற மெஷின் வாங்கிடலாம். இதைப் போய் யார் நம்புவா?"

அன்று மாலை எல்லோரும் கூடும் கூட்டத்தில் அவருக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். திமிங்கிலப் பாடத்துக்கும் மதுவுக்கும் நடுவில், அந்த மெஷின் எப்படி வேலை செய்யும் என்று படம் போட்டு விளக்கினார். கைதட்டல் பலமாக இருந்தது. நான் பின்னால் நின்று நானும் தட்டினேன். எனக்கு வலித்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். யார் நம்புவார் என்று கேட்டார்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்வதுதானே என் வேலை.

மறுநாள் கரையிலிருந்து வந்த ட்ரூஸ் அம்மா தன் வில்லையைத் திருப்பிவிட்டு, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறிய கணவரின் வில்லையையும் அப்படியே திருப்பிவிட்டார். நாற்பது வருஷக் கல்யாணப் பழக்கம். அவருடைய மஃப்ளரைச் சரிசெய்கிற கைதான் வில்லையையும் சரிசெய்தது. வழக்கமாக இருந்தால் நான் தடுத்திருப்பேன். அன்று தடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற மாலுமிக்கும் கேட்கிற மாதிரி, "சாரோடதையும் நீங்களே திருப்பிட்டீங்களாம்மா? பரவாயில்ல, வீட்டு வேலை மாதிரிதான்" என்றேன். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். அடுத்த நாளும் அதையே செய்தார். அடுத்த நாளும் நான் அதையே சொன்னேன். இதைத் திட்டம் என்று சிலர் சொல்லக்கூடும். பெண்களிடம் மரியாதையாக நடந்துகொள்வதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் கிடையாது.

ஹென்ஷா விரிகுடாவுக்கு வந்த அன்று, நான்கு மணிக்கு மேல் காற்று அடிக்கும் என்று அறிவித்திருந்தார்கள். இறங்கும்போது ஹூக்ஸ்ட்ரா வழக்கம்போல் காதிலிருந்த கேட்கும் கருவியைக் கழற்றினார். காற்றில் அது இரைகிறதாம். ஒரு சிறிய தகர டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். பலகையை நம்பாதவர், காதை என்னிடம் நம்பிக் கொடுத்தார். தன் வில்லையை அன்று அவரே ஒழுங்காகச் சிவப்புக்குத் திருப்பினார், எனக்கு ஒரு வணக்கமும் வைத்தார்.

மூன்று மணிக்கே எல்லோரும் திரும்பலாம் என்று ஃபியோனா சொல்லிவிட்டாள். குளிர் தாங்காமல் ட்ரூஸ் அம்மா முன்னதாகவே வந்தார். தன் வில்லையைத் திருப்பினார். அன்று அதை மட்டும்தான் திருப்பினார்.

"சார் வரலையாம்மா?"

"கடல்நாய் படம் எடுக்குறாராம். அந்தக் கறுப்புப் பாறைக்குப் பின்னாடி உக்காந்திருக்கார். கடைசிப் படகுல வருவார். எனக்குத் தலை சுத்துது எயுசேபியோ, போய்ப் படுக்கிறேன்."

"படுங்கம்மா. நான் பார்த்துக்கறேன்."

மூன்று இருபதுக்குப் பலகையில் ஒரே ஒரு சிவப்பு இருந்தது. காற்று முன்கூட்டியே வந்துவிட்டது. ஃபியோனா கரையிலிருந்து வாக்கி டாக்கியில் கூப்பிட்டாள். கடைசிப் படகில் ஏறுவதற்கு முன் வழிகாட்டிகள் கரையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பார்ப்பது வழக்கம்.

"அண்ணே, இங்க நிக்கவே முடியல. பலகை என்ன சொல்லுது?"

அப்போது நாற்பத்தேழைத் திருப்பினேன். ஒரு விரல் போதும், அவ்வளவு லேசான வில்லை அது.

"பலகை முழுக்க வெள்ளை" என்றேன்.

"நிச்சயமா?"

"வந்து நீங்களே பாருங்க."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் கரையில் நடந்து பார்க்கவில்லை. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்த பாறைக்குப் பின்னால்கூட ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. யார் நம்புவார் என்று கேட்டவளே முதல் ஆளாகப் படகில் ஏறினாள்.

தகர டப்பா என்னிடம் இருந்தது. அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. ஹூக்ஸ்ட்ரா தம்பதியின் அறைக்குப் போனேன். ட்ரூஸ் அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். டப்பாவைக் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். எழுந்து அதைப் பார்த்தவர், கணவர் வந்து போயிருக்கிறார், மேலே மதுக்கூடத்தில் யாருக்காவது எதையாவது விளக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். அதனால் ஏழரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில்தான் நாற்காலி காலியாக இருப்பது தெரிந்தது. அதற்குள் கப்பல் நான்கு மணி நேரத் தூரம் வந்திருந்தது. அன்று மெனுவில் ஆட்டுக்கறி. பலர் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கியில் அவர் பெயரை ஒன்பது தடவை கூப்பிட்டார்கள். காதில் கருவி இல்லாத ஆளை ஒலிபெருக்கியில் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு மட்டும் தோன்றியது. கேப்டன் கப்பலைத் திருப்பினார். காற்று விடவில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்குத்தான் படகை இறக்க முடிந்தது.

அவர் கறுப்புப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்த நிலையில் இருந்தார். காற்று வரும் பக்கம் கல் அடுக்கி, முழங்கால் உயரத்துக்குச் சுவர் கட்டியிருந்தார். நன்றாகக் கட்டப்பட்ட சுவர், ஒரு கல்கூட ஆடவில்லை. கப்பலிலிருந்து தெரிய வேண்டும் என்று, தன் சிவப்புக் கோட்டைக் கழற்றிப் பாறை மேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார். அந்தக் குளிரில் கோட்டைக் கழற்றினார் என்றால், நாங்கள் வருவோம் என்று அவர் எவ்வளவு உறுதியாக நம்பியிருக்க வேண்டும். இரண்டு பென்குயின்கள் அவர் கால் பக்கத்திலேயே நின்றன. ஐந்து மீட்டர் சட்டம் அவற்றுக்குக் கிடையாது.

நீங்கள் கப்பலுக்கு வந்து எல்லோரையும் விசாரித்தீர்கள். ட்ரூஸ் அம்மா உங்கள் முன்னால் சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. "எனக்குத் தலை சுத்திட்டு இருந்துச்சு. பழக்கத்துல அவரோடதையும் நான்தான் திருப்பியிருக்கணும். வேற யாரு தொடப்போறா?" முந்தைய இரண்டு நாளும் அவர் அப்படிச் செய்ததை அந்த மாலுமி உறுதி செய்தான். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லுங்க. நான் திருப்பினதை நீங்க பார்த்தீங்களா?"

"நான் பார்க்கலம்மா" என்றேன். அதுவும் உண்மைதான்.

பிறகு உங்கள் அறிக்கை வந்தது. மனைவியின் கவனக்குறைவு என்று ஒரு வரி. அதற்கு நான் ஆட்சேபணை சொல்லவில்லை, குடும்ப விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. ஆனால் பன்னிரண்டாம் பக்கத்தில், "பலகை முறை நம்பத்தகாதது, காலாவதியானது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த சீசனில் மெஷின் வந்துவிட்டது. அட்டையைத் தேய்த்தால் கீச்சென்று கத்துகிறது. குளிரில் மூன்று தடவை நின்றுபோனது, அதற்கு அறிக்கை எதுவும் வரவில்லை. என் பலகையை மதுக்கூடச் சுவரில் அலங்காரமாக மாட்டியிருக்கிறார்கள். குடித்துவிட்டு யார் யாரோ யாருடைய வில்லையையோ திருப்பி விளையாடுகிறார்கள்.

ஆகவே, சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் எழுதுகிறேன். பலகை தவறு செய்யவில்லை. அன்று மூன்று இருபது வரை அது உண்மையைத்தான் சொன்னது: ஒரு ஆள் கரையில் இருக்கிறார் என்று. நாற்பத்தேழாம் வில்லையைத் திருப்பியது நான். அந்த ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தே திருப்பினேன். பன்னிரண்டாம் பக்கத்து வரியை நீக்கிவிட்டுத் திருத்திய அறிக்கையை வெளியிடுங்கள், இதைத் தவிர எனக்கு வேறு கோரிக்கை இல்லை.

சிரமம் இல்லையென்றால் ஒரு நகலைத் திருமதி ஹூக்ஸ்ட்ராவுக்கும் அனுப்பிவையுங்கள். "நான் திருப்பினதை நீங்க பார்த்தீங்களா?" என்று இன்னும் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் ஆறுதலாகப் பதில் எழுதி எழுதி எனக்கும் அலுத்துவிட்டது.