ஹெலன் மிஸ் குடித்த தண்ணீர்

ஹெலன் மிஸ் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வார். "வெள்ளிவிழா மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், அவரோடு நெருங்கிப் பழகியவர் நீங்கள்தானே" என்று சொன்னீர்கள், பங்கஜம் அம்மா. பேனாவைத் திறந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது இந்தச் சர்க்கரைதான். மலரில் போடத் தோதான விஷயம். இதற்குப் பின் வருவதில் எதைப் போடலாம், எதை விடலாம் என்பதைத் தலைமையாசிரியை என்ற முறையில் நீங்களே பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

1971 ஜூனில் வந்தார். இருபத்துநான்கு வயது. ஓராண்டு நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க இங்கிலாந்தில் ஏதோ ஒரு சங்கத்தார் அனுப்பிவைத்தார்கள். கோபாலபுரத்தில் நம் பள்ளிக்குப் பின் தெருவில் மாடி அறை எடுத்துக் கொடுத்தோம். கைத்தறிப் புடவையைப் பதினோரு ஊக்குகள் குத்தி நிறுத்திக்கொண்டு சைக்கிளில் வருவார். தெருவே வாசலில் நின்று பார்க்கும். அவர் எல்லோருக்கும் தலையாட்டுவார். இடம் வலம் என்று ஆட்டும் நம் தலையாட்டலையும் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டார்; அது சம்மதமா மறுப்பா என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

தமிழ் அவருக்கு வரவில்லை. பாண்டி பஜாரில் வளையல் வாங்கவும், தையற்காரரிடம் அளவு சொல்லவும், தபால் நிலையத்தில் தந்தி கொடுக்கவும் நான் கூடப் போனேன். நீங்கள்தான் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினீர்கள். ஊர் அவரிடம் சொன்னதெல்லாம் என் வாய் வழியாகவே அவர் காதுக்குப் போயிற்று. அவர் ஊரிடம் சொன்னதும் அப்படியே. இப்படி ஒரு பொறுப்பில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று எனக்கே முதலில் தெரியவில்லை.

எங்கள் இருவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பள்ளித் தொட்டித் தண்ணீரை இருவரும் தொட மாட்டோம். அவர் ஒரு பிளாஸ்க்கில் கொண்டுவருவார். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுவருகிறவன். மயிலாப்பூர் ஆசாரம் என்று ஆசிரியர் அறையில் என்னைக் கேலி செய்வது உங்களுக்கும் தெரியும். நானும் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன்.

ஜூலையில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டீர்கள். "கல்யாணராமன் சார், பதினொண்ணாம் கிளாஸ் இங்கிலீஷை ஹெலனுக்குக் குடுத்துடலாம்னு பார்க்கிறேன். பிள்ளைங்க காதுல அசல் உச்சரிப்பு விழட்டுமே. நீங்க ஏழாம் கிளாஸ் எடுத்துக்குங்க. உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்" என்றீர்கள். நான் ஓய்வு கேட்கவில்லை. பதினான்கு வருஷம் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பியவன் நான். ஆங்கிலத்தில் ஒருவன்கூடத் தோற்றதில்லை. வெள்ளைக்காரன் ஊரை விட்டுப் போய் இருபத்துநான்கு வருஷம் கழித்து, ஒரு வெள்ளைத் தோல் வகுப்பில் நுழைந்ததும் என் பதினான்கு வருஷமும் பல்லிளித்துவிட்டது. ஆனாலும் "சரி, அம்மா" என்றேன். நான் மரியாதை தெரிந்தவன்.

ஹெலன் மிஸ்ஸுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் நல்லவர். ஏழாம் வகுப்புக்கு நான் தயாரித்த கேள்வித்தாளை ஆசிரியர் அறையில் எடுத்துப் பார்த்து, பென்சிலால் மெல்லியதாக மூன்று இடங்களில் கோடு போட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது, இந்த மூன்று மட்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சிரித்தபடி கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் வகுப்புக்குள் நுழையும்போது பின் பெஞ்சுக்காரர்கள் என் ஆங்கிலத்தைப் பேசிக்காட்டத் தொடங்கினார்கள். அதை அவர் பார்க்கவில்லை.

அவருக்கு வீட்டு வேலை செய்தவள் தேவானை. கூவக்கரைக் குடிசையிலிருந்து விடியற்காலையில், ஹெலன் மிஸ் எழுந்திருக்கும் முன்பே வருவாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்கவைத்து, ஆறியதும் மண்பானையில் ஊற்றி மூடிவைக்க வேண்டும். கொதி வந்த பிறகு இருபது நிமிஷம். இந்த விதியை ஹெலன் மிஸ்ஸுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். தேவானைக்கு அதைச் சொன்னபோது அவள் மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா சார் இது, சோறு வடிக்கிறா மாதிரி தண்ணிய வேவ வெக்க சொல்றாங்கோ? கெரசின் க்யூல நின்னு நின்னு என் காலு ஓஞ்சி பூடுது" என்றாள். ஆனாலும் செய்தாள். ஐந்து மாதம் ஒரு நாள் தவறாமல் செய்தாள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

நவம்பரில் மழை விட்டதும் ஆற்றோரக் குடிசைகளில் காய்ச்சல் பரவுகிறது என்று பேச்சு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை ஹெலன் மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தண்ணீர் இருபது நிமிஷம் முழுசாகக் கொதிக்கிறதா என்று தேவானையிடம் கேட்டுச் சொல்லுங்கள், குறை சொல்வதாக அவள் நினைத்துவிடக் கூடாது என்றார். தேவானை ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் அவள் பக்கம் திரும்பி, "மிஸ்ஸுக்கு நம்ம ஊர் பழகிப்போச்சாம். இனிமே தண்ணி காய்ச்ச வேண்டாம், அப்படியே பானையில ஊத்தி வெச்சா போதும்கிறாங்க" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நெஜமாவா சார்? நல்லதா பூட்ச்சு. இப்பதான் நம்மூட்டுப் பொண்ணு ஆயிட்டாங்கோ" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று ஹெலன் மிஸ் கேட்டார். தான் பெற்ற மகளுக்குச் செய்கிற மாதிரி கவனமாகச் செய்கிறாளாம் என்றேன். ஹெலன் மிஸ் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

என் எண்ணத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வரும், ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கப்பலேறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் குடிக்கிற தண்ணீர்தானே. நம் பள்ளியில் நானூறு பிள்ளைகள் அதைத்தான் குடிக்கிறார்கள். நம் தண்ணீரை விஷம் மாதிரி பார்ப்பது எனக்கு மனத்தாங்கலாகவும் இருந்தது.

பத்து நாள் கழித்துத் தேவானை என்னைத் தெருமுனையில் நிறுத்தினாள். "தண்ணி ஒரே கலங்கலா வர்து சார். ஒரு கொதி வெச்சி குடுக்கட்டா, கேட்டு சொல்லேன்" என்றாள். மறுநாள், "கேட்டேன், வேண்டாமாம்" என்றேன். நான் கேட்கவில்லை.

டிசம்பர் நடுவில் ஹெலன் மிஸ்ஸுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் குறையும், சாயங்காலம் ஏறும், ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஒரு படி அதிகம். டாக்டரிடம் போகவேண்டுமா என்று என்னைக் கேட்டார். பருவம் மாறும்போது எல்லோருக்கும் வருவதுதான் என்றேன். நீங்கள் கேட்டபோதும் அதையே சொன்னேன். கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். இப்படி ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் நீங்களே டாக்ஸி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். டைபாயிடு, குடலில் ஓட்டை விழுந்துவிட்டது, முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "தண்ணிய காய்ச்சினியா இல்லையா?" என்று தேவானையைக் கேட்டீர்கள். "மிஸ்ஸே வாணாம்னாங்கம்மா. சார்தான் வந்து சொன்னாரு. சார், சொல்லு சார்" என்றாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. மண்ணெண்ணெய் எங்கே போயிற்று என்று இவளைத்தான் கேட்க வேண்டும்" என்றேன். பதினான்கு வருஷ ஆசிரியர் சொல்கிறார், குடிசைக்காரி சொல்கிறாள்; நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. இதில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நான் நினைப்பது வழக்கம். போலீஸ் அவளை இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பியது. அதன் பிறகு கோபாலபுரத்தில் ஒரு வீட்டிலும் அவளை உள்ளே விடவில்லை.

விஷயம் ஹெலன் மிஸ் காதுக்கும் எட்டியது. நான் போய்ப் பார்த்தபோது குரல் எழும்பாமல் சொன்னார்: எனக்குத் தேவானை மேல் கோபமில்லை, அவள் வேண்டுமென்று செய்திருக்கமாட்டாள், இதை மறக்காமல் அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் தலையாட்டினேன், இடம் வலமாக. பொங்கலுக்கு முந்தின நாள் காலமானார். பொங்கல் விடுமுறை முடிந்ததும் பதினொன்றாம் வகுப்பு என்னிடமே திரும்பி வந்தது. அந்த வருஷமும் ஆங்கிலத்தில் ஒருவனும் தோற்கவில்லை.

ஆறு வருஷமாக இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போன வாரம் தெற்கு மாட வீதி முனையில் பஸ்ஸுக்கு நின்றபோது, கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள். தேவானைதான். ஆற்றோரக் குடிசைகளைக் காலிசெய்து ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய்க் குடியமர்த்திவிட்டார்களாம், அங்கிருந்து தினம் வருகிறாளாம். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு சார். மிஸ் சாவறப்போ எம்மேல கோவமா போனாங்களா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வரிதான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பஸ்ஸை விட்டால் முதல் மணிக்கு வந்துசேர முடியாது. நான் நேரம் தவறுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வரியை இங்கே எழுதிவிட்டேன். விருப்பமிருந்தால் நீங்கள் ஆளனுப்பி அவளிடம் சொல்லிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் குற்றம் என்று சொல்வார்கள். நான் செய்ததெல்லாம், எல்லோரும் குடிக்கிற தண்ணீரை அவரும் குடிக்கச் செய்ததுதான். ஒன்பது நாள் காய்ச்சலை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். கண்டுகொண்டேன். என் தம்பிக்கும் அப்படித்தான் படிப்படியாக ஏறியது. பதினேழு வயதில் போய்ச் சேர்ந்தான். இன்று காலையும் என் மனைவி வாசல்வரை வந்து, "கூஜாவை மறந்துடாதேங்கோ, இப்பத்தான் ஆறித்து" என்று கையில் கொடுத்தாள். ஆசாரமெல்லாம் ஒன்றுமில்லை, அம்மா. தம்பி போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் காய்ச்சாத தண்ணீரை யாரும் வாயில் வைப்பதில்லை. கொதி வந்த பிறகு இருபது நிமிஷம் என்று ஹெலன் மிஸ்ஸுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.