ஞாயிறு அவிழ்க்காத கயிறு

திங்கட்கிழமை. காலை ஆறு இருபது. முதல் குண்டு தலைக்கு மேலே போகிறது. விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு கடல் உடைகிறது.

"ஏலே, குனி! எல்லாரும் குனி!"

கத்தியது நான். படகின் டிரைவர். ஏமன் நாட்டுத் துறைமுகத்திலிருந்து முதலாளியின் விசைப்படகை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். ஐந்து பேர். எல்லாரும் தூத்துக்குடிக் கரைக்காரர்கள். கரையில் இரண்டு படைகள் மோதுகின்றன. எங்களைத்தான் சுட்டார்களா? இன்றுவரை தெரியாது.

இரண்டாவது குண்டு பின்பக்கம் விழுந்தது. மூன்றாவது முன்பக்கம். சூசை அங்கேதான் நின்றான். என் தங்கச்சி மாப்பிள்ளை. ஆலந்தலை ஊர்க்காரன். வயது முப்பத்தொன்று. பக்கத்தில் தருவைகுளத்து இன்னாசி அண்ணன். அவர் அந்த இடத்திலேயே முடிந்தார்.

முந்தின நாளைச் சொல்ல வேண்டும். அதை மறைத்தால் இது சாட்சியமே இல்லை.

பதினொரு மாதம் அந்த அரபி முதலாளி எங்கள் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருந்தான். ஊருக்குப் போகிறோம் என்றால் அடி. ஞாயிற்றுக்கிழமையும் கடலுக்கு விரட்டினான். ஞாயிறு ஆண்டவருடைய நாள், எங்கள் ஊரில் அன்று ஒரு படகும் இறங்காது. அடியைக்கூடப் பொறுத்தேன். அதைப் பொறுக்க முடியவில்லை.

அந்த ஞாயிறு அவன் ஒரு சாவுக்குப் போய்விட்டான். காவலுக்கு ஆள் இல்லை. டேங்க் நிறைய டீசல். குண்டுச் சத்தமும் இல்லை. சூசை கட்டுக்கயிற்றில் கை வைத்துவிட்டான்.

"மச்சான், இப்பமே போயிருவோம்."

"இன்னைக்கு ஞாயிறுலே. இந்த ஒரு நாளாவது ஞாயிற ஞாயிறா வைப்போம். நாளைக்கு வெள்ளனப் போவலாம்."

"அரபி பூட்டுனது போதாதா மச்சான்? நீங்களும் ஆண்டவரு பேரச் சொல்லிப் பூட்டுதியளே."

"வாய மூடுலே."

நான் பிடித்தால் பிடித்த பிடிதான். சூசை கயிற்றை விட்டுவிட்டான். நாள் முழுக்க ஜெபமாலை சொன்னோம். சத்தியமாக, அன்று எனக்குச் சந்தோஷம். பதினொரு மாதத்தில் முதல் முறையாக நான் யாருக்கும் அடிமை இல்லை.

திங்கட்கிழமை சூசை அரை மணி நேரம் உயிரோடு இருந்தான். தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். ஞாயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம், பாவிப்பயல். இரண்டு பேரையும் கடலில்தான் இறக்கினோம்.

பதினான்காம் நாள் நம் ரோந்துக் கப்பல் தெரிந்தது. கொடியைப் பார்த்து மூன்று பேரும் அழுதோம்.

ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்கு மாதாவின் விண்ணேற்புத் திருநாள். நாட்டுக்கு விடுதலை நாள். பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கொடியேற்றுவோம். இந்த வருடம் என்னை ஏற்றச் சொல்லிவிட்டார் பங்குச் சாமியார். நாட்டு விடுதலையும் ஆன்ம விடுதலையும் சேர்த்துப் பெற்றவர் இவர் என்று பிரசங்கத்தில் சொன்னார். என் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டவரும் அவர்தான். மன்னிப்புக் கொடுத்தார். எனக்கு வந்து சேரவில்லை.

கொடிக்கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. பூ விழுந்தது. கைதட்டினார்கள். முன்வரிசையில் தங்கச்சி நின்றாள். கைதட்டவில்லை.

"அவிய கடைசியா என்ன சொன்னாவ அண்ணே?" பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

"தண்ணி கேட்டான்ளா."

அது திங்கட்கிழமைப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை இங்கே எழுதிவிட்டேன். அவளும் வாசிக்கட்டும்.

இழந்தவை. சூசை. இன்னாசி அண்ணன். இரண்டு கல்லறைகள், வெட்டவே இல்லை. சூசை முகம் பார்க்காத ஒரு பெண் குழந்தை. என் ஜெபம்.

ஞாயிற்றுக்கிழமையே கயிற்றை அவிழ்த்திருந்தால், இந்தப் பட்டியலில் ஒருவரும் இல்லை.