வியாழக்கிழமைக்குள்ள ஆறணும்

அசையாதீங்க ஐயா, பிளாஸ்திரி மட்டும்தான் உரிக்கிறேன். அரிக்குதா? அரிக்கட்டும், நல்ல சேதிதான் அது. புதுத் தோல் பிடிக்கிறப்ப அப்படித்தான் அரிக்கும். கையைக் கிட்ட கொண்டு வராதீங்க. அந்தக் கையை அஞ்சு வாரமா நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பார்த்துட்டு இருக்கேன்.

எதுக்கு இப்ப அம்மாவைக் கூப்பிடுறீங்க? உங்க சம்சாரம் ஹால்ல இருக்காங்க. கோர்ட்டு அனுப்பின டாக்டர் இப்ப உங்க வயித்தை அமுக்கிப் பார்த்துட்டுப் போனாரே, அவர் அங்க உக்காந்து சர்டிபிகேட் எழுதுறார். என்ன எழுதுறார்னு இங்க இருந்தே சொல்லிடுவேன். காயம் மூடிடுச்சு, நடக்கலாம், மாடி ஏறலாம், கூண்டுல நிக்கலாம். வியாழக்கிழமை நீங்க கோர்ட்டுக்குப் போறீங்க.

வக்கீல் பார்த்துப்பாரா? பார்க்கட்டும், யார் வேணாம்னா. ஆனா காயத்தைக் காட்டி இனிமே வாய்தா வாங்க முடியாது. குடல் ஆபரேஷன் நடந்து ஆறு மாசம் ஆச்சு, மூணு வாய்தா வாங்கியாச்சு. போதும் ஐயா.

வந்த முதல் நாளே, எனக்கு முன்னாடி இருந்த நர்சுங்க எழுதின நோட்டைப் புரட்டினேன். தினம் கட்டு மாத்தறப்ப காயம் எவ்வளவு நீளம்னு அளந்து எழுதியிருந்தாங்க, பாவம், ஒழுங்கா. சின்னதாகிட்டே வருது, சின்னதாகிட்டே வருது, கேஸ் தேதிக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப பொளக்குன்னு வாயைத் திறந்துடுது. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. காயத்துக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா என்ன? அந்தப் புள்ளைங்க எங்க மேலதான் தப்புன்னு அழுதுட்டே வேலையை விட்டுப் போயிருக்காங்க.

நீங்க குளியலறைக்குள்ள போனா அரைமணி நேரம், காயத்தை நோண்டிட்டுத்தான் வெளிய வருவீங்க. ஷேவிங் பெட்டிக்குள்ள சிகரெட்டு. தலகாணி உறைக்குள்ள சாக்லேட்டு, அதுவும் சர்க்கரை வியாதியை வச்சுக்கிட்டு! சர்க்கரை ஏறினா காயம் ஆறாதுன்னு உங்களுக்கு யாரோ நல்லாவே சொல்லிக் கொடுத்திருக்காங்க. பொறுக்கி எடுத்துக் குப்பையில போட்டேன். குளியலறைத் தாழ்ப்பாளையும் கழட்ட வச்சேன். அன்னைக்கு நீங்க கத்தின கத்துல தெருவே எட்டிப் பார்த்துச்சு. நான் அசரல.

முகத்தைச் சுளிக்காதீங்க. காலையில ரெண்டு முட்டை, மத்தியானம் மீன், ராத்திரி பருப்பும் பாலும்னு உங்க வாயில திணிக்காத குறைதான். ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு சும்மா சண்டை போடுமா? அதுக்குச் சாப்பாடு வேணும், தூக்கம் வேணும். கிருமியை அது விரட்டினாத்தான் அடியில இருந்து செவப்பா சதை வளரும். ஆரஞ்சை உரிச்சு, சுளை சுளையா கையில வச்சு, முழுங்குற வரைக்கும் எதிர்லயே நின்னேன். நீங்க தூங்குறதை நாற்காலியில உக்காந்து பார்த்தேன். பெத்த புள்ளையைக்கூட யாரும் இப்படிப் பார்த்துக்க மாட்டாங்க.

எதுக்கு இவ்வளவுன்னு கேக்கறீங்களா? அப்பாடா, அஞ்சு வாரத்துல இன்னைக்குத்தான் உங்களுக்குக் கேக்கத் தோணியிருக்கு.

உங்க மேல இருக்கற கேஸ் எனக்குத் தெரியும். பட்டறையில பிரஸ் மெஷின். வேலை சீக்கிரம் ஓடணும்னு தடுப்புக் கம்பியைக் கழட்டி வச்சிருந்தீங்க. ஒருத்தன் வலது கை உள்ள மாட்டிக்கிச்சு. ஆபரேஷன் பண்ணி விரலையெல்லாம் தைச்சுட்டாங்க. மூணு வாரம் ரெஸ்டு, கட்டு நனையக் கூடாது, நல்லாச் சாப்பிடணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்தார். நாலாவது நாள் அவன் வேலைக்கு வந்துட்டான். எண்ணெய்த் தண்ணி கட்டுக்குள்ள இறங்கிச்சு. பதினோராவது நாள் ரத்தம் முழுக்கக் கிருமி, போயிட்டான். ‘நான் கூப்பிடவே இல்ல, அவனா ஆசைப்பட்டு வந்தான், எனக்கு எதுவும் தெரியாது.’ கோர்ட்டுல இதானே உங்க பதில்?

தலையாட்டுறீங்க. நல்லது, இதையே அங்கயும் சொல்லுங்க.

அவன் காயத்துக்கும் இதேதான் ஐயா வேணும். முட்டை, பால், தூக்கம், சுத்தமான கட்டு, பக்கத்துல ஒரு ஆளு. பெரிய வைத்தியம் ஒண்ணுமில்ல. மூணே நாள் கிடைச்சுது அவனுக்கு. உங்களுக்கு அஞ்சு வாரமா ஊட்டினேனே, ஒவ்வொரு முட்டையை உரிக்கிறப்பவும் எனக்கு வயிறு எரிஞ்சுது. இப்பவும் எரியுது. உங்களை வாழ வைக்கவா நான் நர்சுக்குப் படிச்சேன்னு பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதிருக்கேன்.

பயப்படாதீங்க, விஷமெல்லாம் வைக்கல. வைக்கணும்னா முதல் நாளே வச்சிருப்பேன். நீங்க இந்தக் கட்டில்ல செத்துப் போனா கேஸும் சேர்ந்து செத்துடும். நல்ல மனுசன், நோயில போயிட்டார்னு ஊரே வந்து மாலை போட்டுட்டுப் போகும். அதுக்கா விடுவேன்? நீங்க நல்லா இருக்கணும். ரத்தம் ஊறி, சதை போட்டு, எந்த நோயும் இல்லாம நிமிர்ந்து நின்னு பதில் சொல்லணும். உள்ள போட்டாலும் வருசக் கணக்கா தாங்குற உடம்பா இருக்கணும்.

இந்தா, துடைச்சாச்சு. இனிமே இதுக்குக் கட்டே வேண்டாம். கோடு மாதிரி ஆயிடுச்சு பாருங்க, என் கைவேலை.

நான் யாரா? வக்கீல் சாட்சிப் பட்டியல் கொடுத்தாரே, பிரிச்சே பார்க்கலையா? மூணாவது சாட்சிக்கு நேரா, இறந்தவரோட அக்கான்னு போட்டிருக்கும். நீங்க சாவு வீட்டுக்கு வந்திருந்தா முகமாவது தெரிஞ்சிருக்கும். இந்த வீட்டு வேலைக்கு யாருமே வர மாட்டேங்கறாங்கன்னு ஏஜென்சியில சொன்னப்ப, நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

சட்டையைப் போடுங்க, டாக்டர் கையெழுத்து வாங்க வருவார். அப்புறம், அந்த நாலாவது நாள் காலையில உங்க ஃபோன் வந்தப்ப நான் தம்பிக்குக் கட்டு மாத்திட்டு இருந்தேன். வலது கை என் மடியில, இடது கையால வலி பொறுக்காம கட்டில் கம்பியைப் பிடிச்சுட்டு இருந்தான். இன்னைக்கு வரலைன்னா இனிமே வராதடான்னு நீங்க கத்தினப்ப, அவன் காதுல ஃபோனைப் பிடிச்சுட்டு இருந்தவ நான்தான்.