அப்பா குரலில் பேசியவர்

ஜன்னல மூடாதீங்கண்ணே, புழுங்குது. வெளிய கத்துறவனுங்க கல்ல வுட்டா எம்மேலதான் வுடுவானுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆள் நெறஞ்சாத்தான் வண்டிய எடுப்பான். அதுவரைக்கும் திட்டட்டும்.

ஆமா, எங்க சித்தப்பா ஓஜெவாலேவோட ஆளுங்க. அவரு மாமியா வீட்டுல ஒளிஞ்சிருக்காரு. கெடக்கட்டும். பாவமா? எனக்கா? போங்கண்ணே.

நீங்க வடக்க, கானோ ஊரா? அப்ப எங்க எகுங்கூன் திருவிழா தெரியாது. செத்தவங்க துணி போட்டுக்கிட்டுத் திரும்பி வருவாங்க. உச்சியிலேர்ந்து கால் வரைக்கும் துணி, மூஞ்சிக்கு வலை. உள்ள மனுசனே கெடையாது, அப்படித்தான் சொல்லணும். அது பேசுனா எதுத்துப் பேச ராஜாவுக்கே வாயில்ல.

போன வருசம் எங்கப்பா துணி தெருவுல வந்துச்சு. அவரு செத்த வருசம்தான். நேரா எங்க வாசல்ல நின்னு, அப்பா மாதிரியே கரகரன்னு, வீட்ட என் தம்பி ஓஜெவாலேவுக்கு வுட்டுட்டு வெளிய போடின்னுச்சு. அம்மா மண்ணுல மண்டி போட்டு, சரிங்க, போறேங்கன்னு அழுதுச்சு. வீட்ட வுட்டு வந்ததுலேர்ந்து சரியா சாப்புடல. அமலாக் களி உருண்டையக் கையில வச்சிக்கிட்டே, உங்கப்பாவுக்கு நான் என்னடா கொற வச்சேன்னு கேக்கும்.

உள்ள யாருன்னு எனக்குத் தெரியும்ணே. ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. பொம்பளைங்ககிட்ட கூடவே கூடாது. சொல்லல. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல.

இந்த வருசம் வழி காட்ட என்னையே கூப்புட்டாரு. வலைக்குள்ளேர்ந்து பள்ளம் மேடு தெரியாதுல்ல. இவன் வாயில்லாப் பூச்சின்னு நெனப்பு. சந்தையில சுத்தி சுத்தி ஆடுனாரு. ஆடிக்கிட்டே மொளகா மூட்டையில இடறிக் குப்புற வுழுந்தாரு. ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் தள்ளல!

வலை பிஞ்சு, துணியெல்லாம் வெலகிப்போச்சு. எதுத்தாப்லயே அம்மா, தக்காளிக் கூடையோட.

டேய் அடிசா, மூடுடா, மூடுடான்னு என்னப் பாத்துக் கத்துறாரு. அப்பா குரல் இல்லண்ணே. அவரோட சொந்தக் குரல்.

அம்மா நல்லா பாத்துச்சு. கூடைய அப்படியே போட்டுட்டு, எங்க பழைய வீட்டப் பாத்து நடக்க ஆரம்பிச்சிடுச்சு.

துணி வெலகுனா மேல வுழுந்து மூடு, எலும்பே ஒடஞ்சாலும் எந்திரிக்காதன்னு காலைலதான் சொல்லிக் கூட்டிட்டு வந்தாரு. நான் கையக் கட்டிக்கிட்டு நின்னேன்.