முப்பத்தைந்து நிமிட வழி

மேடையில் வீற்றிருக்கும் மேயர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, நம் கஸ்தெல்வானோ ஊர் இசைக்குழுவின் நண்பர்களே, எதிர்க் குன்றிலிருந்து பதினொரு கிலோமீட்டர் சுற்றிப் பேருந்தில் வந்திருக்கும் பியெத்ரலூனா ஊர்ப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேசத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்தில் நாம் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று திரும்பிப் பாருங்கள். இடப்பக்கம் அவர்கள். வலப்பக்கம் நாம். நடுவில் நடைவழி. யாரும் இப்படி உட்காரச் சொல்லவில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே மேயர் என்றாகிப் பத்தாண்டு முடிந்துவிட்டது. பின்னால் மேசையில் இரண்டு கூடை ரொட்டி இருக்கிறது. உப்புப் போட்டது அவர்களுடையது, போடாதது நம்முடையது. அந்தக் கூடைகளுக்கு நடுவிலும் ஒரு முழம் இடைவெளி! நாம் இன்று யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அவர் இருந்திருந்தால், பையிலிருந்து டேப்பை எடுத்து அந்த இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டிருப்பார்.

நில அளவையாளர் எர்சீலியா தொமஸ்ஸீனி. இரண்டு ஊருக்கும் அவர் சர்வேயரம்மா. எனக்கு எர்சீலியா அக்கா. தொண்ணூறு வயதில் மறைந்து இன்றோடு முப்பது நாள்.

இந்தக் குன்றுகளை அவரைப் போல அறிந்தவர் யார்? நம் குன்று பாறை. அவர்கள் குன்று களிமண். நடுவில் ரூபியா ஓடை. ஒரு காலத்தில் அந்த ஓடைதான் இரண்டு ஆட்சிகளின் எல்லை. இக்கரையில் உப்புக்கு வரி, அக்கரையில் இல்லை. வரி போய் நூற்றாண்டுகள் ஆகியும் நாம் ரொட்டியில் உப்புப் போடுவதில்லை. அதனால் அவர்கள் நம்மை உப்பில்லாதவர்கள் என்பார்கள். நாம் அவர்களைக் களிமண் என்போம். நேராகப் பார்த்தால் ஒரு கிலோமீட்டர். அவர்கள் கொடியில் எந்தச் சட்டை காய்கிறது என்று இங்கிருந்து சொல்லிவிடலாம். சாலை வழி பதினொன்று. கோவேறு கழுதைப் பாதையில் ஓடைக்கு இறங்கிப் படி ஏறினால் எவ்வளவு நேரம்? இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஆளுக்கு ஒரு பதில் இருந்தது. "அரை நாளாகும்" என்று சொன்னவர்களும் உண்டு. போக விருப்பம் இல்லாத ஊர் தூரமாகத்தானே இருக்கும்! அக்கா நடந்து பார்த்து எழுதினார்: இறங்கப் பதினான்கு நிமிடம், ஏற இருபத்தொன்று. மொத்தம் முப்பத்தைந்து.

அந்த எண்ணை மறந்துவிடாதீர்கள்.

நாற்பது ஆண்டு அவர் இரண்டு ஊருக்கும் அளந்தார். வேலித் தகராறில் இரண்டு வீட்டாரும் கத்தி ஓயும்வரை அளவுகோல் மீது சாய்ந்து நிற்பார். பிறகு, "முடிஞ்சுதா? இப்ப நிலம் என்ன சொல்லுதுன்னு கேப்போமா?" என்பார். பியெத்ரலூனாவின் கீழ்த்தெருவில் சுவர் விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் காரை வைத்து ஒட்டியவர் அவர்தான். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்து வருவார். கேலி பேசினோம். "சர்வேயரம்மா களிமண்ணுங்களுக்கு ஜன்னல் மாட்டப் போறாங்க" என்று சிரித்தோம். களிமண் என்று முந்நூறு ஆண்டாகத் திட்டினோமே, அது உண்மையிலேயே களிமண் என்று நம்மில் ஒருவராவது யோசித்தோமா?

நான் இங்கே அவரைப் புகழ மட்டும் வரவில்லை. நாற்பத்தாறு ஆண்டு செய்தியாளனாக இருந்தவன் நான். எழுதியதில் ஒன்றைத் திருத்த வந்திருக்கிறேன்.

1978, நவம்பர் 11, சனிக்கிழமை. புனித மார்ட்டின் திருவிழா. பத்து நாள் மழை விட்டு அன்றுதான் வெறித்திருந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. எதிர்க் குன்று தெரியவில்லை. மூன்று மணிக்குப் புனிதரின் சிலை பவனியாகக் கோயிலை விட்டுப் புறப்பட்டது. மூன்று பத்துக்குப் பனிக்குள்ளிருந்து பியெத்ரலூனாவின் பெரிய மணி அடிக்கத் தொடங்கியது.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நம் திருவிழாவில் அவர்கள் மணியடித்து நம் இசையை மூழ்கடிப்பதும், அவர்கள் திருவிழாவில் நாம் அதையே செய்வதும் வழக்கம். 1741இல் ஒரு பங்குத்தந்தை இதைப் பற்றிப் புகார் எழுதிய கடிதத்தை அக்கா கண்டெடுத்திருக்கிறார். ஆகவே மணி கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். இசைக்குழுத் தலைவர் கோர்ராதோ திரும்பிக் கத்தினார்: "ஊதுங்கடா! களிமண்ணுங்க காது கிழியட்டும்!"

அக்கா பெண்கள் வரிசையை விட்டு என்னிடம் வந்தார். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது, எனக்கு இருபத்தாறு.

"எவாரிஸ்தோ, கேக்குதா?"

"கேக்குது அக்கா. வருஷா வருஷம் கேக்கறதுதானே."

"இது அது இல்லடா. கிண்டலுக்கு அடிக்கிறவன் நடுநடுவுல நிறுத்துவான். நமக்கு எரியுதான்னு காதைக் குடுத்துக் கேப்பான். இவன் பதினஞ்சு நிமிஷமா நிறுத்தவே இல்ல."

கோர்ராதோ காதில் அது விழுந்துவிட்டது. "என்ன சர்வேயரம்மா, அம்மா வீட்டுப் பாசம் பொங்குதோ?" அக்காவின் தாய் பியெத்ரலூனாக்காரர். கூட்டம் சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. "போன மாசம் கீழ்த்தெருவுல மூணு கண்ணாடி உடைஞ்சிருக்கு. பத்து நாளா மழை. என்கூட ஒரு நாலு ஆம்பளைங்க வாங்க. ஒண்ணுமே இல்லன்னா எல்லாருக்கும் நானே ஒயின் வாங்கித் தர்றேன்."

"ஒயின் இங்கயே இருக்கே!" என்றது ஒரு குரல்.

"நீயாவது வாடா" என்றார் என்னிடம்.

"பவனியைப் பத்தி எழுதணும் அக்கா. ஏழு மணிக்கு போன்ல செய்தி சொல்லணும்."

அவர் ரொட்டிக்கடைக்காரரின் ரப்பர் பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபத்தைந்து. தனியாகப் பாதையில் இறங்கினார். பனி அவரை இடுப்பு வரை மறைத்தது, பிறகு முழுவதும் மறைத்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதோடு விட்டேனா? இல்லை. "நம்ம மணி என்ன தூங்குதா?" என்று கோர்ராதோ கேட்டார். நான் மணிக்கூண்டில் ஏறினேன். மூன்றரை மணிக்கு நம் பெரிய மணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தவன் நான்தான். கை வலிக்க வலிக்க இழுத்தேன். ஐந்து நிமிடத்தில் அவர்கள் மணி நின்றுவிட்டது. கீழே தெருவெல்லாம் கைதட்டல். "அடங்கிட்டானுங்க!" என்று கத்தினார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அன்று மாலை என் கோப்பை காலியாகவே இல்லை.

வலப்பக்கத்தில் யாரோ முனகுகிறீர்கள். முனகுங்கள். ஆனால் கேளுங்கள்.

கீழ்த்தெரு மூன்று மணி தாண்டிச் சரிந்திருந்தது. நான்கு வீடுகள். தொலைபேசிக் கம்பமும் சாலையில் பாதியும் அதோடு போயிருந்தன. மண்ணுக்கு அடியில் ஆறு பேர். தோண்டக் கையில் பலம் உள்ளவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒருவர்தான் மணியடித்துக்கொண்டிருந்தார். நம் மணி கேட்டதும் அவர் ஏன் நிறுத்தினார்? அடங்கி அல்ல! கஸ்தெல்வானோவுக்குப் புரிந்துவிட்டது, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்று நம்பி நிறுத்தினார். இனி அடிக்கத் தேவையில்லை என்று இறங்கி வந்து கையால் மண்ணைத் தோண்டினார்.

நான்கு மணிக்கு அக்கா படியேறிப் போய்ச் சேர்ந்தார். முப்பத்தைந்து நிமிடம்.

நான்கு பேரை உயிரோடு எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பத்தொன்பது வயது அர்மீதா. இதோ, முன்வரிசையில் இருக்கிறார். அவருடைய தந்தை செத்தீமியோவையும், பக்கத்து வீட்டு ஜெம்மா அம்மாளையும் மறுநாள் காலையில்தான் எடுக்க முடிந்தது. செத்தீமியோ உள்ளேயிருந்து தண்ணீர்க் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐந்தரை மணி வரை அந்தச் சத்தம் கேட்டதாம். நம் ஊருக்குச் செய்தி வந்தது ஏழு மணிக்கு, காவல் துறை ஜீப்பில். நாற்பது ஆண்கள் வண்டிகளில் சாலை வழியாகப் போனோம். போய்ச் சேர்ந்தபோது எட்டு. மூன்றரைக்கு நான் கயிற்றைப் பிடிப்பதற்குப் பதிலாக அதே நாற்பது பேரோடு பாதையில் இறங்கியிருந்தால் நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு அங்கே இருந்திருப்போம். இந்தக் கணக்கை நான் நாற்பத்தைந்து ஆண்டாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். விடை மாறுவதில்லை.

பிறகு நான் செய்தி எழுதினேன். அதில் ஒரு வரி: "பியெத்ரலூனாவின் அபய மணிக்குக் கஸ்தெல்வானோவின் மணி உடனே பதில் கொடுத்தது, ஆண்கள் விரைந்தனர்." எந்தச் சொல்லைத் தனியாக எடுத்தாலும் மறுக்க முடியாதபடி எழுதியிருந்தேன். மணி பதில் கொடுத்தது, ஆண்கள் விரைந்தார்கள். எப்போது, எதற்கு என்பதைத்தான் விட்டுவிட்டேன். அந்த வரியைப் படித்து ஊர் ஊராக நம்மைப் பாராட்டினார்கள். மறு ஆண்டு ஓடைப் பாலத்தில் சலவைக் கல்லில் அதையே பொறித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அங்கே மாலை வைக்கிறோம். பியெத்ரலூனா மக்கள் அமைதியாகத் தலை குனிந்து நிற்பார்கள். அவர்கள் தலை ஏன் குனிந்திருந்தது? நமக்காக வெட்கப்பட்டு!

செய்தி வந்த அன்று பத்திரிகையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். நகமெல்லாம் பிய்ந்து, கையில் கட்டுப் போட்டிருந்தார். படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நீ அடிச்ச மணியைக் கேட்டுத்தாண்டா அவங்க நிறுத்தினாங்க."

"அக்கா, இப்ப இதை வெளியில சொன்னா ஊரே..."

"ஊர் என்ன பண்ணும்னு நான் கேக்கல. தப்பா அளந்தா நான் மறுபடி போய் அளப்பேன். நீ?"

பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். 1991இல் அவர் இரண்டு குன்றுகளின் வரலாற்றை எழுதி முந்நூறு பிரதி அச்சிட்டார். உப்பு வரி, எல்லைக் கற்கள், முற்றுகை, கொள்ளைநோய் எல்லாம் அதில் உண்டு. இருநூற்றுப் பதினான்காம் பக்கம் மட்டும் வெறுமை. மேலே தேதி இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை. அச்சுப் பிழை என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது எனக்காக விட்ட இடம். அதன்பிறகு தெருவில் எங்கே பார்த்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "பக்கம் இருநூத்திப் பதினாலு என்னாச்சு?" "எழுதிட்டிருக்கேன் அக்கா" என்பேன். முப்பத்திரண்டு ஆண்டு அப்படிச் சொன்னேன். கடைசியாக மருத்துவமனையில் கண்ணைத் திறக்காமல் கேட்டார். அப்போதும் அதையேதான் சொன்னேன். அதற்கு அவர் மெல்லச் சிரித்தார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அதைவிடக் கடுமையாகத் திட்டியதில்லை.

இதுவரை நான் பேசியதுதான் இருநூற்றுப் பதினான்காம் பக்கம். கையெழுத்திட்டு அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். யாரிடம் அந்தப் புத்தகம் இருந்தாலும் நான் வந்து ஒட்டித் தருவேன். பாலத்தில் உள்ள கல்லை எடுத்துவிட்டு, உண்மையைப் பொறித்த கல்லை வைக்க வேண்டும் என்று மேயர் அவர்களிடம் இந்த அவையிலேயே மனுக் கொடுக்கிறேன். வரும் நவம்பர் 11 அன்று மூன்று பத்துக்கு நம் இசைக்குழு வாசிப்பதை நிறுத்தவேண்டும். எதிர்க் குன்றின் மணியை, அது அடித்து முடியும் வரை, காது கொடுத்துக் கேட்கவேண்டும். அக்காவின் கண்ணாடித் துண்டுகள் இன்னும் பன்னிரண்டு சுவர்களில் இருக்கின்றன. மாதம் ஒரு முறை நான் போய்ப் பார்ப்பேன். எனக்குப் பிறகு யார் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. சென்ற செவ்வாய்க்கிழமை நான் முதன்முறையாக அந்தப் பாதையில் நடந்து போனேன். எழுபத்திரண்டு வயது. ஐம்பத்தெட்டு நிமிடம் ஆனது. அர்மீதா அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாத ஒன்றை அவர் சொன்னார்.

அன்று அக்கா சேறும் மூச்சிரைப்புமாகப் படியேறி வந்தபோது, தோண்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து அவருக்குப் பின்னால் பார்த்தார்களாம். "மத்தவங்க எங்க?" என்று கேட்டார்களாம். அக்கா தயங்கவே இல்லையாம். "பின்னால வர்றாங்க" என்றாராம். வாழ்நாள் முழுவதும் ஒரு விரற்கடை கூடத் தப்பாகச் சொல்லாதவர்! நமக்காக, நம் மானத்துக்காக, அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மண்டியிட்டுத் தோண்டத் தொடங்கியிருக்கிறார்.

நான் விடைபெறும்போது அர்மீதா வாசல்படியில் நின்று எனக்குப் பின்னால் இருந்த பாதையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மத்தவங்க எங்க?"

நண்பர்களே, நான் அக்கா சொன்ன பதிலைச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

இன்று மாலை நான்கு மணிக்கு அக்காவின் முப்பதாம் நாள் பூசை, அவர் தாயின் ஊரான பியெத்ரலூனாவில், அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில். பேருந்து வெளியே நிற்கிறது. நடக்க முடியாதவர்கள் அதில் வாருங்கள். இந்த மண்டபத்தின் பின்வாசல் திறந்திருக்கிறது. கழுதைப் பாதை அங்கேதான் தொடங்குகிறது. இப்போது மணி மூன்று. என் நடைக்குப் பூசைக்கு இரண்டு நிமிடம் முன்னால் போய்ச் சேருவேன்.

நான் கிளம்புகிறேன். திரும்பிப் பார்க்கமாட்டேன். அக்கா சொன்ன பொய்யை மெய்யாக்குவது இனி உங்கள் கால்களில் இருக்கிறது.