இரைச்சல் கேட்காத கல்யாணம்

ஆம்ப்ளிஃபயருக்கு முதலில் வேண்டியது காற்று. அதை மூலையில் திணித்து, மேலே மேசைத்துணியைப் போர்த்தி, அதன்மேல் பழத்தட்டையும் வைப்பவர்களைத் தராஸ் நகரின் எல்லாத் தெருக்களிலும் பார்த்திருக்கிறேன். பிறகு அது சூடாகி நின்றுவிட்டால் திட்டு எனக்கு. நான் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பலகைமேல்தான் வைப்பேன். வேலையில் எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு, ஐயா. நீங்கள் கேட்பது வேறு என்று தெரிகிறது. அதற்கும் வருகிறேன்.

மிர்சாபெக்கை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கல்யாணங்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விருந்தினரை எழுப்பி உட்காரவைக்கும் அசபா. பெண் வீட்டாரை மலை என்பார், மாப்பிள்ளை வீட்டாரைக் கழுகு என்பார். அடுத்த வாரம் அதே மலையும் கழுகும் வேறு வீட்டுக்குப் போய்விடும். கொழுப்பு வழியும் கஸியை, அதுதான் குதிரைக்கறித் தொத்திறைச்சியை, தின்று, விரல்களை நக்கிவிட்டு, அதே கையால் மைக்கைப் பிடிப்பார். கம்பியில்லாத மைக் அவருக்குக் கேவலம். அல்மாத்தியில் வாங்கிய, தங்க முலாம் பூசிய மைக் ஒன்று வைத்திருந்தார். யாரையும் தொடவிட மாட்டார். துடைக்க மட்டும் நான். அதன் வலைக்குள் வெங்காயமும் எச்சிலும் காய்ந்து கிடக்கும். மனிதர்களின் சொற்பொழிவைக் காதால் கேட்பவர்கள் உண்டு. நான் துணியால் வழித்தெடுத்தவன்.

சத்தம் நன்றாக இருந்தால் அவர் குரல், கெட்டுப்போனால் நான். போன மாதம் ஒரு விருந்தில் ஸ்பீக்கர் லேசாக இரைந்தது. மிர்சாபெக் என்னைக் காட்டிக் கூட்டத்திடம் சொன்னார்:

"கேக்குதா ஜனங்களே? நம்ம கென்ஜே வளக்கிற வண்டு இது. இவன் பொண்டாட்டி ஓடிப்போனதே இந்தச் சத்தம் தாங்காமத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. அருவருப்பு மட்டும்தான். கோபத்தைவிட அது சுத்தமானது.

சனிக்கிழமை நடுப்பகலில், மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில், புது மருமகள் ஐகானிம் மாமனார் மாமியாருக்கு முதல் தேநீர் ஊற்றுவதாக ஏற்பாடு. சமையலறையிலிருந்து இழுத்த வயரில் குழாய் வைத்த வெந்நீர்க் கலமான மின்சாரச் சமோவார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் பொருத்தி முடித்ததும் மிர்சாபெக் வந்தார்.

"டேய் கம்பிக்காரா, இன்னிக்கும் உன் வண்டு பாடுமா?"

"கொஞ்சம் இரையும், அகா. இந்த வீட்டு லைன் அப்படி."

"எனக்கு லைன் பாடம் எடுக்காத. நான் வாயத் தொறக்குறப்போ உன் பெட்டி மூச்சுக்கூட விடக் கூடாது."

"எர்த்தைக் கழட்டினா நின்னுரும். ஆனா..."

"அப்புறம் என்னடா ஆனா? கழட்டு. ஒத்தைக் கம்பிக்கு இவ்வளவு பேச்சா?"

கழற்றினேன். எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்வதுதான். எர்த் கம்பி, கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும். அது இல்லாவிட்டால் மின்சாரம் பெட்டியின் உடம்பில் நிற்கும், அங்கிருந்து மைக்கின் உடம்புக்கு வந்து காத்திருக்கும். நல்ல ஆம்ப்ளிஃபயரில் கசிவு கிடையாது. நான் அன்று பொருத்தியது நல்லதல்ல. உள்ளே கசிகிறது என்று கொட்டகையில் ஒதுக்கி வைத்திருந்த பழையது. நல்லது வண்டியிலேயே இருந்தது.

உலர்ந்த கம்பளத்தில் நின்று மைக்கைப் பிடிப்பவருக்கு ஒன்றும் ஆகாது. மற்றக் கையால் தரையோடு இணைந்த உலோகம் எதையாவது தொட வேண்டும். சமோவாரின் எர்த் கம்பியை யாரும் கழற்றவில்லை. மிர்சாபெக் எந்தக் கல்யாணத்திலும், மருமகள் ஊற்றுவதற்கு முன், மைக்கை விடாமலே முதல் கிண்ணத்துக்குத் தன் கையாலேயே சமோவார் குழாயைத் திறப்பார். கடையில் வாங்கிய சமோவாரைக் காட்டி "நம்ம முன்னோரோட ஊத்து" என்பார். கைதட்டல் விழும்.

அன்றும் பேசினார். பெட்டி மூச்சு விடவில்லை. குழாயை நோக்கிக் கை நீட்டியபோது மாமியார்க்காரி குறுக்கிட்டாள்.

"நீ தள்ளு, மிர்சாபெக். மருமக ஊத்தட்டும். அவ குரலையும் கேப்போம்."

அவர் நெஞ்சில் கைவைத்தார். "இந்த மைக்க நான் எந்த மந்திரிக்கும் கொடுத்ததில்ல. இன்னிக்கு என் தங்கச்சிக்குக் கொடுக்கிறேன்." கொடுத்துவிட்டு, கைதட்டலுக்காக நின்றார்.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலையே, அகா," என்று அந்தப் பெண் சிரித்தாள். கண்ணாடிபோல் வந்தது குரல். ஒரு கையில் மைக்கோடு குழாய்ப்பக்கம் குனிந்தாள்.

என் விரல் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சின்மேல் இருந்தது. நேரமும் இருந்தது, இதை மறைக்க விரும்பவில்லை. அணைத்திருந்தால் மைக் வெறும் இரும்பு. ஆனால் அந்தப் பெண்ணின் குரல் பாதியில் அறுந்திருக்கும். மிர்சாபெக் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா நம்ம கென்ஜேய" என்று ஆரம்பித்திருப்பார். முற்றம் முழுவதும் சிரித்திருக்கும்.

அவள் குழாயைத் தொட்டாள். விட முடியவில்லை. மணப்பெண் அழுது நடுங்குகிறாள் என்றே முதலில் எல்லோரும் நினைத்தார்கள்; சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மிர்சாபெக் பின்னால் நகர்ந்து, ஒரு கிழவரின் தட்டை மிதித்துக்கொண்டு நின்றார். வாயோரத்தில் கொழுப்பு மின்னியது.

அவளைக் கொன்றது நான் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மிர்சாபெக்குக்கு வைத்தது அவளுக்குப் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் கென்ஜேயின் சத்தம் கல்யாணத்தின் நடுவில் நின்றுபோயிற்று என்று ஊரில் பேசுகிறார்களாம். அது பொய், ஐயா. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியது மாப்பிள்ளையின் அண்ணன். நான் கடைசிவரை அணைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.